யார்க்ஷயர் புட்டிங்கும் கரிசற் பணியாரமும்

உண்டியைப் பற்றி எழுதுவது கற்றார் செயலன்றென எண்ணுவார் சிலர் உளர். கல்லூரி இதழிலே கவிதைக்கும் வரலாற்றுக்கும் அறிவியலுக்கும் இடமுண்டு; அடுப்பங்கரைக்கு இடமேது என்று அவர் வினவுவர். ஆயினும், ஒரு நாட்டார் தம்மைத் தாமே எவ்வளவு மதிக்கின்றனர் என்பதை அவர்தம் மேடைப் பேச்சினும் அவர் விருந்தினர்க்கு இடும் இலையே உண்மையாய்க் காட்டும். வீட்டார் நாடோறும் உண்டு வளர்ந்த பண்டம் எதுவோ, அதனையே விருந்தினர் வந்தபொழுது ஒளித்துவைப்பாராயின், அங்கே ஒரு நாணம் உறைகின்றது. அந்நாணம் தக்கதா தகாததா என ஆராய்வது கற்றார்க்குரிய வேலையே. ஆதலின், கரிசற்பூமியிற் பிறந்த நாம் நம் கம்பையும் சோளத்தையும் விருந்திலையினின்று விலக்கியது முறையோ என்னும் வினாவை இங்கு எழுப்பத் துணிகின்றேன். அதற்கு விளக்காக, பல்லாயிரம் மைல் தொலைவிலுள்ள ஓர் ஏழையுணவின் கதையை முதற்கண் சொல்வேன். மாணவ நண்பர்கள் பொறுமையுடன் கேட்பாராக.

இங்கிலாந்தின் வடபாலுள்ளது யார்க்ஷயர் என்னும் கோட்டம். அதன் பெயரைத் தாங்கி உலகெங்கும் அறியப்பட்ட பண்டம் ஒன்றுண்டு. அதுவே யார்க்ஷயர் புட்டிங். புட்டிங் என்றவுடன் நம்மவர் பாலும் சர்க்கரையும் கலந்த இனிப்பை நினைப்பர். இஃது அதுவன்று. கோதுமை மாவு, முட்டை, பால், உப்பு ஆகிய நான்கையே கரைத்து, காய்ந்த கொழுப்பில் ஊற்றி, ரொட்டியடுப்பினுள் வைத்து வேகவிடும் உப்புப் பண்டமே இது. சுட்ட மாட்டிறைச்சியோடு இதனை வைத்து, இறைச்சியின் சாற்றை மேலே ஊற்றி உண்பர். ஞாயிற்றுக்கிழமை நண்பகலுணவு இஃதின்றி நிறைவுறாதென்பது அந்நாட்டார் பலர் கொள்கை. மாட்டிறைச்சி உண்பார் உண்க, உண்ணார் விடுக. அதுபற்றி வழக்காடுதல் என் கருத்தன்று. இறைச்சியின் பக்கத்தில் அமர்ந்திருக்கும் அம்மாப்பண்டத்தைப் பற்றியதே என் பேச்சு.

அதன் பிறப்பைக் கேளுங்கள். முற்காலத்தில் அந்நாட்டார் இறைச்சியை நீண்ட இருப்புக்கம்பியிற் கோத்து, கனலும் நெருப்பின் முன் வைத்துத் திருப்பித் திருப்பிச் சுடுவர். சுடுங்கால் கொழுப்பு உருகிச் சொட்டும். அதனை ஏந்தக் கீழே ஒரு தட்டம் இருக்கும். சொட்டுவது வீணாகலாகாதென்று சிக்கனமுள்ள கை ஒன்று அத்தட்டத்தில் மாவைக் கரைத்து ஊற்றியது. சொட்டிய கொழுப்பிலேயே மாவு வெந்தது. இறைச்சியின் மணமும் அதிற் சேர்ந்தது. 1737-ஆம் ஆண்டில் வெளிவந்த மகளிர்க்குரிய ஆங்கில நூலொன்றில், சொட்டுங் கொழுப்பினாலாகிய புட்டிங் என்று பொருள்படும் பெயரால் இதன் செய்முறை காணப்படுகின்றது. பத்தாண்டு கழித்து, 1747-ல் ஹன்னா கிளாஸ் என்னும் அம்மையார் வெளியிட்ட சமையல் நூலில் இதற்கு யார்க்ஷயர் புட்டிங் என்னும் பெயர் வழங்கப்பட்டது.

அதனை உண்ட முறைதான் நாம் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. யார்க்ஷயர் இல்லங்களில் இதனை இறைச்சியோடு சேர்த்து இடாமல், சாறு மட்டும் ஊற்றி முதற்படைப்பாகத் தனியே இடுவது பழைய வழக்கம். காரணம் வெளிப்படை. இறைச்சி விலையுயர்ந்தது, மாவு மலிவானது. பசித்து வந்த பிள்ளைகள் மாப்பண்டத்தை வயிறார உண்டபின், சிறிய இறைச்சித் துண்டொன்று குடும்பம் முழுமைக்கும் போதுமானதாகும். புட்டிங்கை மிகுதியாய் உண்பவனுக்கே இறைச்சியும் மிகுதியாய்க் கிடைக்கும் என்று பிள்ளைகட்கு ஆசை காட்டுவது அங்கே ஒரு வேடிக்கை வழக்கு. வயிறு நிறைந்தவன் மேலும் கேளான் என்பது சொல்லுகிற தாய்க்குத் தெரியும். ஆகவே இப்பண்டம் வறுமை ஈன்ற மகவு. இல்லாமையைப் பிள்ளைகள் உணராதபடி மறைக்க ஒரு தாய் கண்ட உபாயம்.

இனி, செய்யும் முறையைச் சொல்வேன். முட்டை, மாவு, பால் மூன்றையும் ஒரே கிண்ணத்தாற் சமமாக அளந்து, சிறிது உப்பிட்டு, கட்டியின்றிக் கரைத்து, அரைமணி நேரமாவது வைத்திருத்தல் வேண்டும். தட்டத்திற் கொழுப்பை இட்டு அடுப்பினுள் வைத்து, புகை எழும் அளவிற்குக் காயவிடுதல் வேண்டும். அடுப்பின் வெம்மை ஏறத்தாழ 220 டிகிரி செல்ஷியஸ் இருப்பது நலம். மாவு விழுந்தவுடன் கொழுப்பு சீறுதல் வேண்டும். சீறாவிடிற் பண்டம் எழும்பாது. பின்னர் 20 முதல் 25 நிமிடம் வரை அடுப்பின் கதவைத் திறத்தலாகாது. இதனுள் ஈஸ்டும் இல்லை, சோடா உப்பும் இல்லை. கரைசலிலுள்ள நீர் ஆவியாகி விரிகின்றது. முட்டையின் புரதமும் கோதுமையின் பசையும் அவ்வாவியை உள்ளடக்கிக்கொண்டு விரிந்த வடிவிலேயே வெந்து இறுகுகின்றன. பொறுமையிழந்து கதவைத் திறப்பானாயின், இறுகுமுன் ஆவி குளிர, பண்டம் அமுங்கிவிடும். பொருளோ எளியது, சூடும் நேரமும் பிழையாமை ஒன்றே அதன் அருமை.

இவ்வெளிய பண்டம் எங்ஙனம் பெருமை பெற்றது? அதனிற் சேரும் பொருள்கள் உயர்ந்தனவல்ல. இருநூறாண்டுக்கு மேலாகியும் அதே மாவு, அதே முட்டை, அதே பால். மாறியவை மூன்று. முதலாவது, அவர் அதற்குத் தம் கோட்டத்தின் பெயரை இட்டனர். இஃது எம்முடையது என்று வாயாரச் சொல்லினர். இரண்டாவது, அதனை ஏட்டில் எழுதிவைத்தனர். அளவும் முறையும் தாயோடு மறையாமல் மகட்குச் சென்றன. மூன்றாவது, வீட்டார் உண்ட அதனையே விருந்தினர்க்கும் இட்டனர். இரண்டாம் உலகப் போரை ஒட்டி 1940 முதல் 1954 வரை பிரிட்டனில் இறைச்சி பங்கீட்டு முறையிலேயே கிடைத்தது. அதன்பின் செல்வம் பெருகி இறைச்சி மலிந்த காலத்திலும் இப்பண்டத்தை அவர் கைவிட்டாரல்லர். வறுமை நீங்கிய பின்னும் வறுமைக்காலத் துணையை இலையினின்று தள்ளாமை ஒரு பண்பாடு. 2008-ஆம் ஆண்டில், பிரிட்டனிலுள்ள ராயல் வேதியியற் கழகத்தாரே, நான்கு அங்குலத்திற்குக் குறைவாக எழும்பியது யார்க்ஷயர் புட்டிங் ஆகாது என்று பாதி விளையாட்டாகவும் பாதி மெய்யாகவும் தீர்ப்புரைத்தனர். ஓர் ஏழைத்தாயின் உபாயம் வேதியியலார் அவையேறியது காண்க.

இப்பண்டத்திற்கும் நமக்கும் தொடர்பே இல்லையென எண்ணற்க. ஆங்கிலேயர் இந்நாட்டிலிருந்த காலத்தில் துரைமார் பங்களாக்களின் குசினியில் நின்றவர் நம்மவரே. ரொட்டியடுப்பு இல்லாத இடத்தில், பாத்திரத்தின் கீழே கனலும் மூடியின்மேற் கனலுமாக இட்டு, இருபுறச் சூட்டில் அப்பங்களையும் புட்டிங்குகளையும் வேகவைத்த திறமை அவர்க்குண்டு. சென்னைத் துரைமக்கள் இல்லங்களுக்கென, கென்னி ஹெர்பர்ட் என்னும் சேனையதிகாரி ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் 1878-ல் ஒரு பெருஞ் சமையல் நூலைச் சென்னையிலேயே வெளியிட்டார். நம்மவர் பிறர்க்குச் சமைத்துக் கொடுத்த உணவிற்கு அங்ஙனம் நூல் உண்டாயிற்று. அவர் தம் இல்லங்களில் உண்ட உணவை எழுதிவைப்பார் அன்று அரியர். பிறர்தம் எளிய பண்டத்தைப் பீங்கான் தட்டில் ஏந்திச் சென்ற கை, தன் வீட்டுக் கம்மஞ்சோற்றைப் பிறர் காண எடுத்துவைக்கக் கூசியது. அக்கூச்சம் இன்னும் நம்மைவிட்டு நீங்கவில்லை.

நம் நிலத்தை நோக்குவோம். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, ஓட்டப்பிடாரம், சாத்தூர் எனப் பரந்து கிடக்கும் இக்கரிசற்காட்டில் வற்றாத ஆறில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றுக் கொணரும் மழையே பெரும்பான்மை வெள்ளாமைக்கு ஆதாரம். மழை பெய்தால் இம்மண் வீங்கி நீரைத் தன்னுள் அடக்கிக்கொள்ளும். வெயிலில் பாளம் பாளமாய் வெடிக்கும். மழை ஓய்ந்தபின்னும் அடக்கிவைத்த ஈரத்தைக்கொண்டே பயிரை விளைவித்துத் தரும். பருத்தியும் கம்பும் சோளமும் குதிரைவாலியும் உளுந்தும் பாசிப்பயறும் மல்லியும் மிளகாயும் இம்மண்ணின் மக்கள். கோவில்பட்டியில் 1901-ஆம் ஆண்டிலேயே வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தோன்றியது இந்நிலத்தின் தனித்தன்மையைக் கருதியே.

இம்மண்ணில் விளைந்தவையே நம் முன்னோரின் அன்றாட உணவாயின. கம்மஞ்சோறு, சோளச்சோறு, குதிரைவாலிச் சோறு, கேழ்வரகுக் களி. அவற்றிற்குத் துணையாகக் காணத்துவையலும் மிதுக்க வற்றலும் கருவாட்டுக் குழம்பும். ‘நெல்லுச்சோறு’ என்று தனிப்பெயரிட்டு அழைக்கும் அளவிற்கு அரிசி அரியதாயிருந்தது. தீபாவளி, பொங்கல் போன்ற நாள்களில் மட்டுமே அதனைக் கண்ட குடும்பங்கள் பல. கிடா வெட்டிய நாளிலும் இறைச்சி சிறிதாகவும் உண்பார் பலராகவும் இருப்பர். ஆகவே குழம்பைப் பெருக்கி, களியுருண்டையைப் பெரிதாக்கி, குழம்பிற் தோய்த்து உண்ணச் செய்தனர். யார்க்ஷயர்த் தாய் செய்ததும் இதுவே. இரண்டு மண்ணிலும் வறுமை ஒன்றே. தாயின் அறிவும் ஒன்றே.

வடிவத்தாலும் யார்க்ஷயர் புட்டிங்கிற்கு நெருங்கிய உறவினர் நம்மிடம் உண்டு. அது கம்பம் பணியாரம். கம்பு நான்கு பங்கிற்கு உளுந்து ஒரு பங்கும் சிறிது வெந்தயமும் கொள்க. கம்பை ஆறு மணி நேரமும், உளுந்தையும் வெந்தயத்தையும் மூன்று மணி நேரமும் ஊறவைத்து, தனித்தனியே அரைத்து, உப்பிட்டுக் கலந்து, ஓரிரவு புளிக்கவிடுக. காலையில் மாவு பொங்கியிருக்கும். கடுகு தாளித்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி அதிற் சேர்க்க. குழிப்பணியாரக் கல்லை நன்கு காயவைத்து, குழிதோறும் நல்லெண்ணெய் விட்டு, முக்காற்குழி அளவிற்கு மாவை ஊற்றி மூடுக. அடிப்புறம் சிவந்தபின் கம்பியாற் திருப்பிவிட்டு மறுபுறமும் வேகவிடுக. புறம் மொறுமொறுப்பாகவும் அகம் மென்மையாகவும் அமையும். யார்க்ஷயரார் பண்டம் நீராவியால் எழும்புகின்றது. நம் பண்டம் புளிப்பில் நுண்ணுயிர்கள் ஈனும் வாயுவால் எழும்புகின்றது. அங்கே ஆவியை அடக்குவது முட்டை. இங்கே வாயுவை அடக்குவது உளுந்தின் கொழகொழப்பு. இரண்டிற்கும் நன்கு காய்ந்த இரும்பு வேண்டும். வேம்பூர்ச் செம்மறியின் இறைச்சிக் குழம்போ, புலால் உண்ணாதார்க்குக் கத்தரிக்காய்ப் புளிக்குழம்போ இதனுடன் சேருமாயின், எந்நாட்டு விருந்திற்கும் இது தாழ்ந்ததன்று.

சத்தை நோக்கினும் நாம் நாணுவதற்கு ஒன்றுமில்லை. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிலையத்தார் 2017-ல் வெளியிட்ட உணவுப்பட்டியலின்படி, 100 கிராம் கம்பில் புரதம் ஏறத்தாழ 11 கிராம்; தீட்டிய அரிசியில் ஏறத்தாழ 8 கிராம். இரும்புச்சத்து கம்பில் 6.4 மில்லிகிராம், அவ்வரிசியில் ஒரு மில்லிகிராமும் இல்லை. கம்பிலுள்ள சில பொருள்கள் அவ்விரும்பு உடலிற் சேர்வதைத் தடுக்கும் என்பது மெய்யே. ஆயின் ஊறவைத்தலும் புளிக்கவிடுதலும் அத்தடையைக் குறைக்கின்றன. நம் பாட்டியர் வேதியியல் கற்றிலர். எனினும் அவர் கை கற்றிருந்தது.

அங்ஙனமாயின் நாணம் எங்கிருந்து வந்தது? சுவையிலிருந்து வந்ததன்று; உண்டவர் யார் என்பதிலிருந்து வந்தது. நிலமுடையார் நெல்லுச்சோறு உண்டனர். அவர் காட்டில் உழைத்தவர் கூலியாகப் பெற்ற தவசத்தை இடித்து உண்டனர். தாமிரபரணிப் பாசனத்து நெல்லூரார் முன்னிலையில் வானம் பார்த்த பூமியார் தம் சோற்றின் பெயரைச் சொல்லக் கூசினர். தானியம் தாழ்ந்ததனால் உண்டவர் தாழ்ந்தாரல்லர். உண்டவரைத் தாழ்த்திய சமூகம் அவர் தானியத்தையும் உடன் தாழ்த்தியது. இதனை உணராதார் கம்பைப் புகழ்ந்து பேசுவது வெறும் பேச்சாகும்.

இவ்விடத்திற் தக்க தடையொன்று எழும். ‘வயிறு நிறைந்தவர்க்கு ஏழையுணவைப் புகழ்தல் எளிது. கோழி கூவுமுன் எழுந்து உரலில் கம்பு இடித்துக் கைகாய்த்த பெண்களைக் கேளுங்கள். வேறொன்றும் கிடையாமையால் உண்டோம், கிடைத்தவுடன் விட்டோம். மீண்டும் எம்மை அதற்கு அழைப்பது நீதியோ?’ என்று ஒரு மூதாட்டி வினவின் யாது விடை? அவர் கூறுவது முற்றும் உண்மை. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்படுகின்றது. பசியை ஓட்டிய அவ்வரிசியைப் பழிப்பவன் பசியை அறியாதவன். யான் வேண்டுவது கம்பிற்குத் திரும்பிச் செல்லும் கட்டாயமன்று. உரலின் துன்பம் மீள வேண்டியதில்லை. அரைவை இயந்திரங்கள் ஊர்தோறும் உள. வேறு வழியின்றி உண்பது ஒன்று. வழிகள் பல இருக்க, இது எம்முடையது என்று விரும்பி உண்பது வேறொன்று. யார்க்ஷயரார் முன்னதினின்று பின்னதற்குக் கடந்தனர். நாம் முன்னதை விட்டோம்; பின்னதை இன்னும் எய்தவில்லை.

இனி, இக்காலத்தில் வந்துள்ள வேறொரு மாற்றத்தையும் சொல்லல் வேண்டும். ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதன் முன்னும் பின்னும் பட்டணத்துக் கடைகளில் கம்பும் குதிரைவாலியும் பளபளக்கும் பைகளில் ஏறின. இதனை மதிப்பென்று சிலர் மகிழ்கின்றனர். யான் முழுதும் மகிழ்கின்றிலேன். அங்கே அவை பெரும்பாலும் மருந்தாக விற்கப்படுகின்றன. நீரிழிவுக்காரர் முகஞ்சுளித்து உண்ணும் பத்தியமாகின்றன. மருந்தாக மதிக்கப்படுவது விருந்தாக மதிக்கப்படுவதாகாது. அன்றியும், அந்த விலையில் விளைவித்தவனுக்குச் சேர்வது எவ்வளவு என்று கேட்பாரும் சிலரே. இதற்கிடையில், கம்பும் சோளமும் நின்ற கரிசற்காடுகள் பலவற்றில் இன்று மக்காச்சோளம் நிற்கின்றது. அது நம் இலைக்கு வாராமல் கோழித்தீவனமாகச் செல்கின்றது. விலை தருவதை உழவன் விதைப்பது குற்றமன்று. நம் இலையில் இடம் கிடையாத பயிருக்கு அவன் காட்டில் மட்டும் இடம் எங்ஙனம் கிடைக்கும்?

எளிய பண்டத்திற்குப் பெருமை தேடுதல் நம்மால் இயலாததன்று. கோவில்பட்டியே அதற்குச் சான்று. வேர்க்கடலையும் வெல்லப்பாகும் அன்றி வேறு பெரும்பொருள் இல்லாத கடலைமிட்டாய், பெட்டிக்கடைக் கண்ணாடிப் புட்டிகளிற் சிறுகாசிற்கு விற்ற பண்டம். அது 2020-ல் புவிசார் குறியீடு பெற்றது. யார்க்ஷயரார் செய்ததையே இவ்வூரார் செய்தனர். தம் ஊரின் பெயரைத் தம் பண்டத்திற்கு வெட்கமின்றி இட்டனர். நம் பேச்சிற்கும் அங்ஙனமே ஒருவர் செய்தார். இடைசெவலிற் பிறந்த கி. ராஜநாராயணன் (1923–2021) கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து அகராதியாக்கினார். கொச்சையென்று இகழப்பட்ட பேச்சு ஏடேறியது. 1991-ல் சாகித்திய அகாதெமிப் பரிசும் அவர் நாவலுக்குக் கிடைத்தது. மிட்டாய்க்கும் மொழிக்கும் வாய்த்த மதிப்பு சோற்றிற்கு மட்டும் வாயாதிருப்பானேன்?

ஆகவே என் விண்ணப்பம் நான்கு. முதலாவது, கரிசற் கல்லூரிகளின் மாணவர் விடுதிகளில் வாரம் ஒருமுறையேனும் கம்பும் சோளமும் நல்ல குழம்புடன் இடப்படுக. தண்டனைபோல் இடப்படாமல், ஞாயிற்றுக்கிழமை நண்பகல் விருந்தாக இடப்படுக. இரண்டாவது, கல்லூரிக்கு வரும் விருந்தினர்க்கு இலையின் முதலிடத்தில் நம் பணியாரம் வைக்கப்படுக. மூன்றாவது, மாணவர் விடுமுறைக்கு வீடு செல்லும்போது தம் பாட்டியிடமும் தாயிடமும் அளவையும் முறையையும் கேட்டு எழுதிவருக. ஹன்னா கிளாஸ் அம்மையார் 1747-ல் செய்த வேலை நம்மவர்க்கு இன்னும் காத்திருக்கின்றது. அப்பாட்டியர் ஒவ்வொருவராய் மறைய, செய்முறையும் உடன் மறைகின்றது. இதனிற் காலத்தாழ்வு தகாது. நான்காவது, 2023-ல் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசியின் ஒரு பகுதிக்கு ஈடாகக் கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டதுபோல, கரிசல் வட்டாரங்களில் கம்பு வேண்டுவார்க்குக் கம்பு கிடைக்குமாறும், அதனை இங்குள்ள உழவரிடமே நல்ல விலைக்குக் கொள்ளுமாறும் அரசினரை வேண்டுவோம்.

உண்டிக்கு மதிப்பு அதன் விலையால் வருவதன்று. இலையில் அதனை எவ்விடத்தில் வைக்கின்றோம் என்பதால் வருவது. யார்க்ஷயர்த் தாயின் மாப்பண்டம் முதலில் வைக்கப்பட்டது இறைச்சி போதாமையால். இன்று அது விரும்பி வைக்கப்படுகின்றது. கரிசல் தாயின் பணியாரமும் அவ்வழி நடத்தல் கூடும். அதனை நடத்துவிப்பார் அரசினரோ அறிஞரோ மட்டும் அல்லர். அடுத்த விருந்திற்கு இலை போடும் நாமே. அவ்விலையில் நம் மண் விளைத்ததை நாணமின்றி முதற்கண் வைப்போமாக.